திரைக்கு அந்தப் பக்கத்துக் கழிப்பறை

விதி இதுதான். விமானத்தில் ஒவ்வொரு பயணியும் தன் வகுப்புக்கு ஒதுக்கிய கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். உடல்நலக் குறைவால் ஒருவருக்கு அவசரம் என்றால், பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குப் போகும்படி, அப்போது பணியில் இருக்கும் தலைமைப் பணிப்பெண் அனுமதிக்கலாம். அவர் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் டிக்கெட் எடுத்திருந்த விமான நிறுவனத்தின் நிபந்தனைகளில், பெட்டியின் எடைக்கும் நாய், பூனை கொண்டுபோவதற்கும் நடுவில் இது இருந்தது. யாராவது படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. நான் படித்தேன். விதி முழுக்க எங்களுக்குச் சாதகமாக இருந்தது. அது எங்களுக்குப் பொருந்தாமல் போனதற்கு ஒரே காரணம், அதை நான் படித்ததுதான்.

பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்புவாரிக் கழிப்பறை எனக்குப் புதிதல்ல. எங்கள் தொழிற்சாலையில் அதிகாரிகளுக்கு ஒன்று, அலுவலக ஊழியர்களுக்கு ஒன்று, மெஷின்களில் நிற்பவர்களுக்கு ஒன்று. முதலாவதில் சோப்பும் கண்ணாடியும் இருக்கும். இரண்டாவதில் கண்ணாடி மட்டும். மூன்றாவதில் தண்ணீர் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். அதிகாரிகள் கழிப்பறையின் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. வயிறு சரியில்லாத கிளார்க் யாராவது வந்து முகம் வெளுத்து நின்றால், நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் இழுப்பறையை மட்டும் திறந்து வைப்பேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்து போடுவார். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வாயைத் திறந்தால் அது கோரிக்கை. கோரிக்கை வந்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் அது முன்னுதாரணம். அதன்பிறகு அந்தச் சாவியை யாருக்கும் கொடுக்க முடியாது.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான், பின்னால் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. டாக்டர் மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொல்லிக் கொடுத்தார், பக்கத்தில் எப்போதும் ஒரு பாத்ரூம் இருக்கட்டும் என்றார். மூன்றாவது யோசனைதான் பலித்தது. அதன்பிறகு எங்கள் ஊரின் வரைபடமே மாறிவிட்டது. அல்சூரில் வீட்டை விட்டுக் கிளம்பினால், எந்த மெட்ரோ நிலையத்தில் கழிப்பறை டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, எந்த ஓட்டலில் சாப்பிடாதவர்களையும் விடுவார்கள், எந்த ஜவுளிக்கடையில் அதற்காக மேல்மாடி வரை ஏறிப் பட்டுப்புடவை விலை கேட்கிற மாதிரி நடிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கோயிலுக்குப் போனாலும் அவள் முதலில் தேடியது சாமியை அல்ல.

அப்படியும் ஒருநாள் தவறியது. ஓசூரில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். பஸ்ஸில் போனோம். பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் நெரிசலில் வண்டி நின்றது நின்றதுதான். ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், இன்னொரு பக்கம் லாரிகள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவசரம் என்பதற்கு அதுதான் எங்களுக்குள் அடையாளம். நான் எழுந்து டிரைவரிடம் போய், வழியில் பயணிகளை இறக்கிவிட அவருக்கு அதிகாரம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அதற்கு அவசியம் முடிந்துபோயிருந்தது.

கடைசி ஆளாக, முந்தானையை இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இனிமேல் எங்கேயும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றாள். நானும் கூப்பிடவில்லை. கல்யாணங்களுக்கு நான் மட்டும் போய், அவளுக்கு முழங்கால் வலி என்று சொல்லி வந்தேன். முழங்கால் வலி கௌரவமான நோய். எல்லோரும் அதற்குத் தைலம் சொன்னார்கள்.

அந்த நிலைமையில்தான் ஜெர்மனியில் இருக்கும் மகள் உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. போனில் அவளிடம், "வர்றேன்டி, வராம இருப்பேனா" என்றாள் என் மனைவி. போனை வைத்துவிட்டு, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க என்று என்னிடம் சொன்னாள். பிரசவத்துக்கு அப்பா மட்டும் போய் நிற்பதற்கு எனக்குத் தெரிந்து எந்த நடைமுறையும் கிடையாது. பல நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"இந்த ஒரு தடவை வர்றேன். பஸ்ல ஆன மாதிரி ஏரோப்ளேன்ல ஆச்சுன்னா, அதோட சரி. அப்புறம் இந்த வாசப்படி தாண்ட மாட்டேன். பேரப்பிள்ளைய நீங்க போன்லயே காட்டுங்க."

அவள் மிரட்டவில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

மகள் கெட்டிக்காரி. சீட் படத்தில் கழிப்பறைக் குறி பக்கத்திலேயே இருக்கும் வரிசையாகப் பார்த்து எங்களுக்கு எடுத்துவிட்டாள். அந்தப் படத்தை நான் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கழிப்பறை எங்களுக்கு நேர் முன்னால்தான் இருந்தது. ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கோடு. எங்களுடையது எகானமியின் முதல் வரிசை. கோடு என்பது திரை. கழிப்பறை பிசினஸ் கிளாஸுக்குச் சொந்தம். எங்களுக்கு உரியது இறக்கையைத் தாண்டி, விமானத்தின் வால் பக்கம். பின்னால் சீட் மாற்றலாம் என்றால் எல்லாம் நிறைந்துவிட்டது. முன்னால் மாறலாம் என்றால் அந்த விலையைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அப்போதுதான் விதியைத் தேடிப் படித்தேன். படித்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைமைப் பணிப்பெண் அனுமதிக்கலாம் என்றால் அனுமதிக்காமலும் இருக்கலாம். அந்த அம்மாள் அன்றைக்கு எந்த மனநிலையில் இருப்பாளோ. முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்தேன்.

மனைவி வேண்டாம் என்றாள். "எழுதிக் கேட்டா எழுதித்தான் பதில் சொல்வாங்க. அங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட வாயால கேட்டுக்கலாம்."

அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். எழுதாவிட்டால் உங்களுக்குக் கை அரிக்கும், எழுதிக்கோங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, டாக்டர் சான்றிதழைச் சேர்த்து, சம்பந்தப்பட்ட நிபந்தனையை எடுத்துக்காட்டி, திரைக்கு அந்தப் பக்கத்துக் கழிப்பறையைப் பயன்படுத்த என் மனைவிக்கு முன் அனுமதி கோரினேன். பணியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு மனு எழுதியதில்லை. உடனே ஒரு பதிவு எண் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒரு பதிவு எண் வந்தது. காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கும்போது போனைக் கையிலேயே வைத்திருப்பேன். ஒவ்வொரு தடவை அது அதிரும்போதும் மின்கட்டணமோ, யாரோ ஒருவருடைய காலை வணக்கமோ.

இதற்குள் அவள் தன் பங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். புடவையோடு அந்தச் சின்ன அறையில் நுழைய முடியாது என்று மகள் சொல்லியிருந்ததால், கல்யாணமான நாளிலிருந்து புடவை தவிர வேறு கட்டாதவள், சல்வார் தைத்துக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டின் ஸ்டோர் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தாள். உள்ளே அரிசி டப்பா விழுகிற சத்தம் கேட்கும். நான் வெளியே நிற்பேன்.

கிளம்பிய அன்று பகல் விமானம். காலையிலிருந்து அவள் காபி குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. காபி இல்லாமல் அவளை நான் பார்த்தது ஆபரேஷன் அன்றைக்கு மட்டும்தான். டாக்ஸி ஹெப்பாள் மேம்பாலத்தில் ஊர்ந்தபோது ஒவ்வொரு தடவை பிரேக் போட்டதும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் மூஞ்சியைப் பார்க்காதீங்க, அதுலயே வந்துடும்போல இருக்கு என்றாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். விமான நிலையத்தில் மட்டும் அவள் முகம் தெளிந்தது. திரும்பின பக்கமெல்லாம் கழிப்பறை. "இங்கேயே இருந்துடலாம்போல" என்றாள்.

விமானத்தில் எங்கள் இடத்தில் உட்கார்ந்ததும் நான் பயந்தபடியே இருந்தது. முன்னால் சாம்பல் நிறத் திரை. அது முழுதாக மூடவில்லை. இடைவெளியில் கழிப்பறைக் கதவும், அதன்மேல் ஒரு பச்சை விளக்கும் தெரிந்தன. காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நீர்ச்சத்தே இல்லாதவர்களோ என்னவோ, அந்த விளக்கு மணிக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. எங்கள் பக்கத்துக் கழிப்பறைகளின் முன்னால் கல்யாணப் பந்தி மாதிரி வரிசை.

முதல் தடவை அவள் பின்னால் போனாள். நான் கூடவே போய் வரிசையில் நின்றேன். நல்லபடியாகத் திரும்பி வந்தோம். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு சாப்பாடு போடத் தொடங்கினார்கள். பின்பக்கத்திலிருந்து இரண்டு நடைபாதைகளிலும் டிராலி வந்தது. பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை நின்று, சைவமா அசைவமா என்று கேட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. நான் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டில் அவள் கை விழுந்தது.

"வருதா?"

"ம்."

மணியை அழுத்தினேன். தலைமைப் பணிப்பெண்ணே வந்தார். நடுவயது, மூக்குக்கண்ணாடி, ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் பொறுமை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கன்னட வாசனையடிக்கும் பெங்களூர்த் தமிழுக்கு மாறினார். நான் ஃபைலைத் திறந்து டாக்டர் சான்றிதழைக் காட்டி, இரண்டு பதிவு எண்களையும் சொன்னேன். அங்கேதான் பிசகு செய்தேன். சான்றிதழோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கையிலிருந்த சிறிய திரையைத் தட்டிப் பார்த்தார்.

"சார், உங்க சீட்டுக்கு ஒரு நோட் போட்டிருக்காங்க. முன்னாடி பாத்ரூமுக்கு பர்மிஷன் கேட்டிருக்கீங்க. டிசிஷன் பெண்டிங்னு இருக்கு."

நிபந்தனைப்படி நீங்களே இங்கேயே அனுமதிக்கலாமே என்றேன்.

"நீங்க கேக்காம இருந்தா நானே விட்டிருப்பேன் சார். இப்ப ஆபீஸ் பாத்துக்கிட்டிருக்கு. அவங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் பண்ணிட்டா, நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைத்தான், அநேகமாக இதே வரிசையில், சொல்லியிருப்பேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மேலிடத்தில் நிலுவையில் இருப்பது அவருடைய அதிகாரத்தைப் பறிக்காது என்று வாதாடினேன். பறிக்காது, ஆனால் நிறுத்தி வைக்கும் என்றார் அவர். அவசரம் என்று வந்துவிட்டால் நிறுத்தி வைத்ததும் தளரும் என்றேன். அப்படியானால் எதற்காக முன்கூட்டியே கேட்டீர்கள் என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொம்மசந்திராவில் டிரைவரின் பக்கத்தில் நின்றது நினைவுக்கு வந்து, நான் சட்டென்று திரும்பினேன். என் மணிக்கட்டில் அவள் கை இல்லை.

அவள் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"அர்ஜெண்ட் இதெ கணம்மா" என்றாள். கன்னடத்தில், ஜீவனஹள்ளியில் அவள் பிறந்து வளர்ந்த தெருவில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி, அவசரம்மா என்று.

"ஹோகி அம்மா" என்றார் அவர். போங்கம்மா. சொல்லிக்கொண்டே திரையை ஒதுக்கிவிட்டார்.

அவள் போனாள். கதவு சாத்தியது. விளக்கு சிவப்பானது.

நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்மணி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்க கேட்டது பெண்டிங்தான் சார். அவங்க கேட்டது வேற."

தலையாட்டினேன். அவர் போகத் திரும்பி, மறுபடி வந்தார்.

"ஒரு ஹெல்ப் சார். நன்றின்னு சொல்லி ஆபீசுக்கு எதுவும் எழுதிடாதீங்க."

ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பது எனக்குத் தெரியவில்லை. விளக்கு சிவப்பாகவே இருந்தது. காலுறையோடு ஒரு தடித்த மனிதர் முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்து கதவின் முன்னால் நின்றார். நின்றவர் திரை வழியாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்களுடையது ஜன்னல் சீட் அல்ல. இவ்வளவு நேரம் ஆகிறது என்றால் உடை மாற்றுகிறாள் என்றுதானே அர்த்தம். மாற்றுத் துணி இருந்த பை என் காலடியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்றால் நான் திரையைத் தாண்ட வேண்டும். பையின் பிடியைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, அந்தத் தடித்த மனிதருக்கு வழிவிட்டு, கையை ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்து வந்தாள். உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். நான் பையை அவள் காலடிக்குத் தள்ளினேன். டிராலி எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எனக்கு ஒரு காபி சொல்லுங்க" என்றாள்.

காலையிலிருந்து குடிக்காத காபி. அதற்குப் பிறகு நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சப் பயணத்தில் அவள் அந்தத் திரையைப் பக்கத்து வீட்டு வாசல்போல ஒதுக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள். உள்ளே நல்ல சோப்பு, பூவாசனை, உட்கார்ந்தபடி முழு முகமும் தெரிகிற கண்ணாடி என்று திரும்பி வந்து எனக்கு அறிக்கை கொடுத்தாள். எனக்கும் வயது ஆகிறது. எனக்கும் அவசரங்கள் உண்டு. நான் ஒவ்வொரு முறையும் இறக்கையைத் தாண்டி நடந்து வால் பக்கத்து வரிசையில் நின்றேன். என் பெயருக்கு அனுமதி எதுவும் இல்லை.

பேத்தி பிறந்தபோது அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் வெளியே, அங்கும் ஒரு கதவுக்கு முன்னால், நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வேறு பணியாளர்கள், தலைமைப் பணிப்பெண் ஒரு வெள்ளைக்காரப் பெண். விமானக் கதவு மூடுவதற்கு முன்பே என் மனைவி அவளைக் கூப்பிட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டி, திரையைக் காட்டி, சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துத் தலையாட்டினாள். நான் எழுத அரித்த கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நன்றிக் கடிதம் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்தேன். அதை எழுதியதாகக் கொள்ளக்கூடாது.

ஆயுத பூஜை முடிந்ததும் ஓசூருக்குப் போய் என் அக்காவைப் பார்த்துவிட்டு, போகாமல் விட்ட கல்யாணத்துக்கு மன்னிப்புக் கேட்டு வருவதாக அவள் சொன்னாள். பஸ்ஸில், தனியாக. நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். நீங்க வந்தா கண்டக்டருக்கு மனு எழுதுவீங்க."

வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து, இப்போது எங்கே போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பொம்மசந்திரா வரும் நேரத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. அன்றைக்கு டிரைவரின் பக்கத்தில் நின்ற நான், இன்றைக்கு வீட்டுக் கூடத்தில் நின்றேன், வித்தியாசம் அவ்வளவுதான். போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தேன். அவளல்ல. விமான நிறுவனம். என் கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டதாகவும், இத்தகைய தேவைகளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றும், விமானத்தில் பணிப்பெண்ணிடம் வாயால் சொன்னாலே போதும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் கூப்பிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம். போன் பைக்குள் இருந்ததாம்.

"பொம்மசந்திராவுல அதே ட்ராஃபிக்குங்க. ஏறும்போதே டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினாரு. நான் இறங்கினதும், பின்னாடியே பஸ்ல இருந்த பொம்பளைங்க எல்லாரும் இறங்கிட்டாங்க."

எல்லோருமா என்று கேட்டேன்.

"எல்லாருந்தான். யாராவது கேக்கட்டும்னு உக்காந்திருந்தாங்க போல."

போனை வைத்த பிறகு, பழக்கத்தை விட முடியாமல், அந்த மனுவின் நகலை எடுத்து அதன் ஓரத்தில் குறித்து வைத்தேன். பதில் வரப்பெற்ற நாள்: விஜயதசமி.